ஐந்து அணையும் ஒரு பென்டிரைவும்

சாரல் தொடங்கிவிட்டது. மேக்கரை மலையில் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. அச்சன்புதூர்த் தெருவில் காலையிலிருந்து வெயிலும் தூறலும் மாறி மாறி வருகின்றன. பள்ளிக்கூடம் திறக்கிற இந்த ஜூன் மாதத்தில் ஒவ்வொரு வருடமும் யாராவது புதிதாகக் கணினி ஆசிரியராகச் சேர்ந்து என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். "டீச்சர், பழைய பாடக்குறிப்பு ஏதும் இருக்கா?" என்று கேட்பார்கள். கொடுப்பேன். கூடவே, நீங்களும் உங்கள் பாடத்தை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். எப்படிக் கொடுப்பது என்பதை இதுவரை வாயால் சொல்லி வந்தேன். இந்த வருடம் எழுதியே வைக்கிறேன்.

ஸ்டார் ஆபீசும் சி பிளஸ் பிளஸ்ஸும் பாடமாக இருந்த காலத்திலிருந்து பைத்தான் வந்த காலம் வரை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிரல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதில் முதல் பத்து வருடம் என் நோட்டை யாருக்கும் காட்டவில்லை. தப்பு இருந்தால் சிரிப்பார்களோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பத்து வருடத்தில் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர் அதே பாடத்தை ராத்திரி விழித்துத் தனித்தனியாக எழுதியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. மத்தளம்பாறையில் ஜோஹோ வந்த பிறகு நிரல் என்ற சொல் பீடி சுற்றும் வீடுகள் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளால் காசு கொடுத்துத் தனி வகுப்புக்குப் போக முடியாது. பள்ளிக்கூடத்தில் நீங்கள் நடத்துவது மட்டும்தான் அவர்களுக்கு. தம்பிமாரே, தங்கச்சிமாரே, அதை நினைப்பில் வைத்து மேலே படியுங்கள்.

1. ஒரு பீரியடுக்கான ஒரு பாடத்தில் தொடங்குங்கள். முழுப் புத்தகமாக எழுதி முடித்த பிறகுதான் வெளியே விடுவேன் என்று உட்கார்ந்தவர்கள் யாரும் முடித்ததாக எனக்கு நினைவில்லை. நாற்பது நிமிடத்துக்கு ஒரு மடக்கு (லூப்), அதற்கு ஒரு கணக்கு, பிள்ளைகள் செய்து பார்க்க இரண்டு பயிற்சி. போதும். பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கு நாளைக் காலையில் தேவைப்படுவதும் அவ்வளவுதான்.

2. எழுத உட்காருமுன், ஏற்கெனவே இருப்பதைத் தேடிப் பாருங்கள். தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிவது பாவம். உழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

2012இல் தொடங்கிய 'கணியம்' இதழை எடுத்துக்கொள்ளுங்கள். த. சீனிவாசனும் நண்பர்களும் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டார்கள். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தரவுத்தளம் நடத்தும்போது அவருடைய மைஎஸ்க்யூஎல் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். வேலைக்குப் போகிற ஒரு பெண், தான் கற்றதைத் தன் மொழியில் எழுதி, விலை வைக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைவிடப் பெரிய உதவி ஓர் ஆசிரியருக்கு என்ன வேண்டும்?

ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா நடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் பத்து நிமிட அளவில் காணொளிகள் உண்டு. பல பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் இருக்கிறது. திரையின் ஒரு பாதியில் பாடம் ஓடும். மறு பாதியில் பிள்ளை அதையே செய்து பார்த்துக்கொண்டு வரும். கணினி ஆசிரியரே இல்லாத பள்ளியிலும் நடத்தும்படி யோசித்துச் செய்த முறை அது. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் தேவையில்லை.

கணினியே இல்லாத வகுப்புக்கும் பாடம் உண்டு. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்து டிம் பெல்லும் கூட்டாளிகளும் 1990களில் தொடங்கிய 'சிஎஸ் அன்பிளக்டு' விளையாட்டுகளைச் சொல்கிறேன். ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி 1, 2, 4, 8, 16 என்று புள்ளி வைத்த அட்டைகளைக் கொடுங்கள். அட்டையைக் காட்டினால் ஒன்று, திருப்பினால் பூஜ்யம். அந்த ஐந்து பேரும் 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டிவிடுவார்கள். நான் புள்ளிக்குப் பதிலாகப் புளியங்கொட்டை ஒட்டினேன். கரண்ட் போன நாளில் இருமஎண் பாடம் முற்றத்தில் நடந்தது.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 'பதிப்பி' என்றால் திரையில் எழுதும். நிபந்தனையை முதலில் எழுதி அதன் பின்னால் 'ஆனால்' என்று போட வேண்டும், நாம் பேசுகிற வரிசையிலேயே. ஆறாம் வகுப்புக்கு முதல் இரண்டு வாரம் எழிலில் நடத்திவிட்டு ஸ்கிராட்சுக்கோ பைத்தானுக்கோ போனால், 'நிபந்தனை என்றால் என்ன' என்ற கேள்வியே வராது. முழு வருடமும் எழிலிலேயே நடத்தலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பிள்ளை நாளை உட்காரப் போகிற தேர்வு பைத்தானில் இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். புளியரை தாண்டி ஏறினால் ஆரியங்காவு. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டைத் தாலுகாவே அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது. கேரளத்தில் 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கி, பிறகு பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். 2017இல் அது 'கைட்' என்ற நிறுவனம் ஆனது. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று பள்ளிப் பிள்ளைகளுக்கான அமைப்பும் வந்தது. நான் அதில் கண்ட பெரிய லாபம் இதுதான். அரசுப் பள்ளிகளில் ஒரே லினக்ஸ் ஓடுவதால், காசர்கோட்டில் ஓர் ஆசிரியர் எழுதிய பாடம் புனலூரிலும் அப்படியே ஓடும். நம் பக்கம் பள்ளிக்கு ஒரு கணினி, கணினிக்கு ஒரு விண்டோஸ் பதிப்பு. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. அதைத் திறந்தே பார்க்காமல் விட்டோம். நானும் முதல் இரண்டு வருடம் திறக்கவில்லை.

3. இலவசம் வேறு, திறந்தது வேறு. புதிதாக வருகிறவர்கள் அதிகமாகக் குழம்புகிற இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. ஆனால் பதிப்புரிமை அரசிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்து, இரண்டு பத்தியை மாற்றி, உங்கள் பெயரைப் போட்டு உலகத்துக்கு விட முடியாது. வகுப்பறைக்குள் நிலைமை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பாடம் நடத்துவதற்காக ஆசிரியரும் மாணவரும் படியெடுத்துக்கொள்ள இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீது பதிப்பகங்கள் போட்ட வழக்கில், 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த இடத்தை உறுதிப்படுத்தியது. ஆகவே நாற்பது பிள்ளைக்கு நாற்பது பிரதி எடுப்பதைப் பற்றிக் கலங்க வேண்டாம். அதே பக்கத்தைப் பொதுவில் வைத்துப் பரப்புவதுதான் வேறு விஷயம்.

திறந்த கல்வி வளம் என்ற பெயரை யுனெஸ்கோ 2002இல் கூட்டிய ஒரு கூட்டத்தில் வைத்தார்கள். எடுக்கலாம், வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம், இன்னொன்றோடு சேர்க்கலாம், திரும்பப் பகிரலாம். இவ்வளவுக்கும் எழுதியவர் முன்கூட்டியே சம்மதம் சொல்லியிருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். சம்மதம் சொல்லாத பாடத்தை எடுக்கிறவர், நல்ல மனசோடு எடுத்தாலும், பயந்து பயந்துதான் எடுப்பார். பயந்து எடுத்ததை அடுத்தவருக்குக் கொடுக்கவும் மாட்டார். அங்கேயே நின்றுபோகும்.

4. அந்தச் சம்மதத்தைப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 டிசம்பரிலிருந்து இருக்கின்றன. வழக்கறிஞர் வைக்காமலே ஒரு வரியில் போட்டுவிடலாம். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் இதே உரிமத்தில் பகிர வேண்டும் என்கிற 'சிசி பை-எஸ்ஏ' உரிமத்தைத்தான் நான் போடுகிறேன்.

'மாற்றக் கூடாது' என்ற நிபந்தனை உள்ள உரிமத்தைத் தொடாதீர்கள். மொழிபெயர்ப்பும் ஒரு மாற்றம்தான். ஆங்கிலத்தில் நல்ல பாடம் கிடைத்து, தமிழாக்க முடியாமல் நான் கைகழுவியதற்கு இந்த நிபந்தனைதான் காரணம். 'வணிகத்துக்குக் கூடாது' என்பதிலும் இரண்டு முறை யோசியுங்கள். கடையநல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் உங்கள் பாடத்தை அச்சிட்டுத் தாளுக்கு ஒரு ரூபாய் லாபம் வைத்து விற்றால் என்ன குறைந்துபோகும்? பிரிண்டர் இல்லாத வீட்டுப் பிள்ளை கைக்கு அது போய்ச் சேர வேறு வழி ஏது? அதைத் தடுத்து யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

நிரலுக்கு மட்டும் இந்த உரிமம் வேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே சொல்கிறது. நிரல் கோப்புகளுக்கு ஜிபிஎல் அல்லது எம்ஐடி உரிமம் போடுங்கள்.

5. ஊர்க் கணக்கைப் போடுங்கள். எங்கோ எழுதிய பாடத்தில் பேஸ்பால் ஓட்ட எண்ணிக்கை இருக்கும், பீட்சாத் துண்டு இருக்கும். பிள்ளைக்கு நிரலும் புதிது, பீட்சாவும் புதிது என்றால் எதைப் புரிந்துகொள்ளும்?

மழைக்காலத்தில் நம் பக்கத்து வீடுகளில் பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம். குண்டாறு 36 அடி, கருப்பாநதி 72, ராமநதி 84, கடனாநதி 85, நம்ம அடவிநயினார் 132. புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிட்டுச் சொல்கிறேன். ஐந்து அணை, ஐந்து எண். பட்டியல் என்றால் என்ன என்று நடத்த இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. பட்டியலில் ஐந்தையும் வை. மடக்கு போட்டு ஒவ்வொன்றாக அச்சிடு. எது பெரிது என்று கண்டுபிடி. இன்றைய மட்டத்தை இன்னொரு பட்டியலில் வைத்து, எந்த அணை நிரம்புவதற்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று சொல். குண்டாற்றில் 30 அடி, அடவிநயினாரில் 99 அடி என்றால் எது? எல்லாரும் அடவிநயினார் என்று கத்துவார்கள். நிரல் 83 சதவீதம், 75 சதவீதம் என்று காட்டும்போது வகுப்பு அமைதியாகும். குண்டாறுதான் கிட்டத்தில் இருக்கிறது. சதவீதம் என்ற கணக்கு எதற்கென்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது.

மேக்கரைப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், உயரத்துல முக்கால்வாசின்னா தண்ணி முக்கால்வாசி இல்லையே, அணை மேல போகப் போக அகலம்லா" என்றான். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வீட்டுப் பிள்ளை. அவன் சொன்னதைப் பாடத்தின் கடைசியில் சேர்த்துவிட்டேன். நிரல் சரியாக ஓடினாலும் கேட்ட கேள்வி சரிதானா என்று பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பாடத்தை எடுத்துப்போன ஆசிரியர்கள் பலரும் அவன் வாயால் நடத்தியிருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் அணை இல்லையென்றால் பீடிக் கூலி இருக்கும், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. புளியங்குடியில் எலுமிச்சை விலை இருக்கும். பொங்கலுக்குப் போடுகிற புள்ளிக் கோலத்தை பைத்தானின் ஆமை வரைகலையில் வரையச் சொல்லுங்கள், மடக்குக்குள் மடக்கு தானாக வந்து உட்காரும்.

6. பிள்ளைகள் எங்கே தடுக்கினார்கள் என்று எழுதுங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாதது அது, உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

அதே அணைப் பாடம். இரண்டு அணையின் மட்டத்தை விசைப்பலகையில் வாங்கிக் கூட்டச் சொன்னேன். கருப்பாநதிக்கு 72, குண்டாற்றுக்கு 36. ஒரு பிள்ளையின் திரையில் விடை 7236 என்று வந்தது. "டீச்சர், குத்தாலமே முங்கிரும்" என்று அவள் சிரித்தாள், வகுப்பே சிரித்தது. பைத்தான் 3 விசைப்பலகையில் வாங்குவதை எல்லாம் சரமாக, அதாவது வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். எண்ணாக மாற்றாமல் கூட்டினால் இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டிவிடும். அந்த வருடம் முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் இருபத்தொரு பேர் இதே இடத்தில் விழுந்தார்கள். மறு வருடத்திலிருந்து நானே வேண்டுமென்று 7236 வரவழைத்து, ஏன் என்று அவர்களைக் கேட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.

உங்கள் குறிப்பில் இப்படி ஒரு பகுதி வைத்துக்கொள்ளுங்கள். சமம் என்று ஒரு கோடு போட வேண்டிய இடம், இரண்டு கோடு போட வேண்டிய இடம். முக்காற்புள்ளி விட்டுப்போன இடம். மடக்கு நிற்காமல் ஓடி, பிள்ளை பயந்து சுவிட்சை அணைத்த நாள். பக்கத்து ஊர் ஆசிரியர் உங்கள் விளக்கத்தைத் தள்ளிவிட்டுத் தன் விளக்கத்தைச் சொல்லிக்கொள்வார். இந்தப் பகுதியை மட்டும் விட மாட்டார்.

7. நிரலைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். பிடிஎஃப் மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடவும் கூடாது. பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் வரி முன்னால் விட்ட இடைவெளி பல நேரம் காணாமல் போகும். பைத்தானில் அந்த இடைவெளிதான் உயிர். வேர்டில் தட்டிய நிரலில் மேற்கோள்குறி வளைந்து நிற்கும். பார்க்க அழகு, ஓட்டினால் பிழை. வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பினால் நட்சத்திரக்குறிகள் எழுத்தைத் தடிமனாக்கிவிட்டுத் தாங்கள் மறைந்துபோகும், பெருக்கலே இல்லாமல் போகும். ஒருமுறை ஒரு பயிற்சியில் எனக்குக் கிடைத்த முப்பது பக்கத்தை, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வரி வரியாகத் திரும்பத் தட்டினேன். எழுதியவர் நிரல் கோப்புகளையும் கூட வைத்திருந்தால் இரண்டு நிமிடத்து வேலை.

பார்வை இல்லாத பிள்ளைக்கு எழுத்து தேவை, படத்தால் பயனில்லை. என்விடிஏ என்ற கட்டற்ற திரைவாசிப்பான் எழுத்தை வாசித்துச் சொல்லும். படத்தில் இருக்கிற நிரலை அது ஒழுங்காக வாசிக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே மூன்றாகக் கொடுங்கள்: அச்சிட பிடிஎஃப், திருத்த லிப்ரே ஆபீஸ் கோப்பு, ஓட்ட நிரல் கோப்பு.

8. யூனிகோடில் தட்டுங்கள். வானவில், பாமினி என்று பழைய எழுத்துருக்களில் நான் தட்டிய ஏழு வருடப் பாடம், புதுக் கணினியில் திறந்தபோது கிறுக்கலாக நின்றது. எழுத்துமாற்றி வைத்துப் பாதியை மீட்டேன். மீதி போயிற்று. தமிழ்99 விசைப்பலகை ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

9. உங்கள் பள்ளியில் இருப்பதிலேயே மோசமான கணினியில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டு மடிக்கணினி கணக்கில் வராது. வடகரை, கடையநல்லூர் பக்கம் பல வீடுகளில் வளைகுடாவிலிருந்து வந்த பழைய கணினி ஒன்று இருக்கும், இரண்டு ஜிபி நினைவகத்தோடு. பள்ளி ஆய்வகத்திலும் அப்படி நாலு கிடக்கும். பாடம் அதில் ஓடினால் எங்கேயும் ஓடும். பைத்தானுக்கு எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த தோனி நல்ல செயலி. பைத்தானையும் சேர்த்தே நிறுவிவிடும், நிரல் ஒவ்வொரு அடியாக எப்படி நடக்கிறது என்று பிள்ளை கண்ணால் பார்க்கலாம்.

இணையம் இருக்கும் என்று நம்பிப் பாடம் எழுதாதீர்கள். சாரல் நாட்களில் காற்று அடித்தால் கரண்டு போகும், கரண்டு போனால் இணையமும் போகும். தேவையான நிறுவல் கோப்பு, காணொளி, பாடம் எல்லாம் ஒரே பென்டிரைவில் இருக்கட்டும். அந்தப் பென்டிரைவைச் செருகிய ஒவ்வோர் இடத்திலும் வைரஸ் பார்த்துவிட்டு எடுங்கள். நம் பாடத்தோடு வைரசும் ஊர் ஊராகப் போன கதையும் உண்டு.

10. கலைச்சொல்லில் பிடிவாதம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். நம் பாடநூல் அல்காரிதத்தை நெறிமுறை என்கிறது, ஃபங்ஷனைச் செயற்கூறு என்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களைத் திறந்தால் நாம் நிரல் என்பது அங்கே செய்நிரல். இந்தச் சொல்தான் சரி என்று சண்டை போட்டு நின்றுபோன நல்ல முயற்சிகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பாடத்தின் கடைசியில் ஒரு சிறு அட்டவணை வையுங்கள்: நான் பயன்படுத்திய சொல், அரசுப் பாடநூலின் சொல், பிள்ளைகள் வாயில் வருகிற ஆங்கிலச் சொல். பிழைச் செய்தி திரையில் ஆங்கிலத்தில்தான் வரும். சின்டாக்ஸ் எரர், நேம் எரர், டைப் எரர், இன்டென்டேஷன் எரர் என்ற நாலையும் தமிழில் ஒவ்வொரு வரியாக விளக்கி எழுதிவிடுங்கள். சிவப்பு எழுத்தைக் கண்டு கையை எடுத்துவிடுகிற பிள்ளைக்கு அந்த நாலு வரி பெரிய தெம்பு.

11. பிள்ளைகளின் பெயர், முகம், கைப்பேசி எண் எதுவும் பாடத்தில் போகக் கூடாது. பிள்ளை எழுதிய நல்ல நிரலைச் சேர்க்க வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையையும் பெற்றோரையும் கேளுங்கள். எழுதியது பிள்ளை, உரிமையும் பிள்ளையுடையது. பொம்பளப் பிள்ளைகளின் படத்தை ஆர்வத்தில் போட்டுவிட்டு, பிறகு வீட்டில் அவர்களைக் கணினி வகுப்புக்கே அனுப்பாமல் நிறுத்தியதையும் கண்டிருக்கிறேன்.

12. தேதியும் பதிப்பும் போடுங்கள். 2020 ஜனவரி 1ஓடு பைத்தான் 2க்கான ஆதரவு நின்றுபோனது. அதில் பிரிண்ட் என்பதற்கு அடைப்புக்குறி தேவையில்லை, பைத்தான் 3இல் கட்டாயம். தேதி போடாத பழைய பாடத்தை எடுத்து நடத்திய ஒரு புது ஆசிரியை, முதல் வரியிலேயே பிழை வந்ததும் தன் மேல்தான் தப்பு என்று நினைத்து அழுதிருக்கிறாள். எந்த மாதம் எழுதியது, எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தது என்று இரண்டு வரி இருந்திருந்தால் அந்த அழுகை இல்லை.

13. கொடுத்த பிறகு காத்திருங்கள். யாரும் பதில் போட மாட்டார்கள், எடுத்தவர் நன்றி சொல்லவும் மாட்டார். முதல் வருடம் எனக்கும் சோர்வாகத்தான் இருந்தது. பாடத்தின் கடைசியில் 'தப்பு இருந்தால் திருத்துங்கள், திருத்தியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்' என்று மட்டும் எழுதி வைத்தேன்.

நாலு வருடம் கழித்து ஒரு திருமணத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் கணினி ஆசிரியர். பேச்சு வாக்கில், தான் நடத்துகிற ஒரு நல்ல பாடத்தைப் பற்றிச் சொன்னார். ஐந்து உப்பளம், ஒவ்வொன்றிலும் இன்றைக்கு எத்தனை டன் உப்பு, எது தன் இலக்கை நெருங்கியிருக்கிறது. பாயசத்தை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேக்கரைப் பையனின் கேள்வி அதில் இல்லை, உப்பளத்துக்கு அது பொருந்தாது. அந்த இடத்தில், மழை பெய்து உப்பே எடுக்காத நாளில் என்ன செய்வது என்று இன்னொரு பிள்ளையின் கேள்வி வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு பட்டியல் காலியாக இருந்தால் என் பழைய நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அதை யாரோ, எந்த ஊரிலோ, ஒரே ஒரு நிபந்தனை சேர்த்துச் சரிசெய்திருந்தார்கள். முதல் பக்கத்தில் நாலு பேர் பெயர் இருந்தது, முதலாவது என்னுடையது. கை கழுவிவிட்டு வந்து, என் பென்டிரைவில் அதை ஏற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். இப்போது திண்ணைக்கு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பது அந்தப் பிரதியைத்தான்.